குடியை நிறுத்த எந்தச் சிகிச்சை?

கடன் மனுக்களைப் பரிசீலிக்கும்பொழுது, மனுவில் எழுதப்பட்ட காரணத்தைக் காட்டிலும் எழுதாமல் விடப்பட்ட காரணமே பெரிதாயிருப்பதைக் கூட்டுறவு ஆய்வாளர் யாவரும் அறிவர். மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடையும் அங்கத்தினர் ஒருவர், ‘வீடு பழுதுபார்த்தல்’ என்று குறித்து ரூ. 40,000 கடன் கேட்டிருந்தார். வீட்டைப் பார்வையிடச் சென்றேன். பழுது எதுவும் தென்படவில்லை. விசாரித்ததில் அவ்வம்மையார் சற்றுத் தயங்கி, “அவருக்கு வைத்தியம் பார்க்கணும் சார்” என்றார்.

அவருடைய கணவர் வள்ளத்தில் கடலுக்குச் செல்பவர். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர். முந்திய ஆண்டு, ‘21 நாளில் பூரண குணம், உத்தரவாதம் உண்டு’ என்று விளம்பரம் செய்த ஒரு விடுதியில், முடைகூலியில் சேர்த்த பணத்தையெல்லாம் கட்டி அவரைச் சேர்த்தார்கள். திரும்பி வந்த ஐந்தாம் வாரம் மீண்டும் குடி தொடங்கியது. பிறகு, செப்டம்பர் 14-ஆம் நாள் நடைபெறும் திருச்சிலுவைத் திருவிழாவை முன்னிட்டு நேர்ச்சை செய்துகொண்டு, அவர் ஒரே நாளில் குடியை நிறுத்தினார். அன்று மாலை கை நடுங்கிற்று. மறுநாள் இரவு வலிப்பு வந்தது. அண்டை அயலார் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதால் உயிர் தப்பியது. இப்பொழுது யாரோ அதைவிட அதிகக் கட்டணம் வாங்கும் வேறொரு விடுதியைக் கூறியிருக்கிறார்கள். கடன் மனு அதற்காகவே.

பொய்க் காரணத்துக்குக் கடன் கொடுக்க விதியில் இடமில்லை. ஆயினும் மனுவைத் தள்ளிவிட்டு வந்துவிட மனம் ஒப்பவில்லை. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை அங்கத்தினர்களுக்குக் கூறுவது பயன்படும் என்று கருதுகிறேன்.

நம்மவர் செய்யும் முதற்பிழை, எல்லாக் குடிக்கும் ஒரே சிகிச்சை என்று எண்ணுவது. உலக சுகாதார நிறுவனம் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தயாரித்துள்ளது. எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறார், தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் குடி தேவைப்படுகிறதா என்பன போன்ற கேள்விகள். மொத்த மதிப்பெண் 40. எட்டு முதல் பதினைந்து வரை பெறுகிறவருக்கு நல்ல அறிவுரையே பெரும்பாலும் போதும். பதினாறு முதல் பத்தொன்பது வரை உள்ளவருக்கு முறையான ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் வேண்டும். இருபதோ அதற்கு மேலோ பெறுபவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் வகையினரை விடுதியில் அடைப்பது வீண் செலவு. கடைசி வகையினருக்கு ‘நாளை முதல் தொடாதே’ என்று புத்தி சொல்வது ஆபத்து.

ஆபத்து என்பதை மிகையாகச் சொல்லவில்லை. நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும், நாள் கிழமை மறந்து பிதற்றுவதும் உண்டாகும். இந்நிலை உயிரையும் வாங்கும். மணப்பாட்டு அன்பருக்கு நேர்ந்தது இதன் முற்பகுதியே. அவருடைய உறுதியில் குறையில்லை. உறுதியோடு மருந்தும் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தகையோருக்கு மருத்துவர் டையாசிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். தயமின் என்னும் பி1 வைட்டமினையும் சேர்ப்பர். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளைக்குக் கேடு விளைவிக்கலாம் என்பதையும் குடும்பத்தார் தெரிந்துகொள்வது நலம்.

இந்தச் சில நாட்களோடு சிகிச்சை முடிந்தது என்று நினைப்பது இரண்டாவது பிழை. உடலிலுள்ள விஷம் இறங்கியதேயொழிய நாட்டம் இறங்கவில்லை. நாட்டத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்பிரோசேட் முதலிய மருந்துகள் உள்ளன. ஈரல், சிறுநீரகம் இவற்றின் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். டென்மார்க்கு நாட்டில் ஹால்டு, ஜேக்கப்சன் என்ற இருவர் குடற்புழு மருந்தாக இதைச் சோதிப்பதற்குத் தாமே விழுங்கினர். பின்னர் மது அருந்தியபொழுது உடல்நிலை கெடவே, குடிப்பழக்கத்துக்கு இது பயன்படும் என்று கண்டு 1948-இல் வெளியிட்டனர். இதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பார். இருதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே மோசம். நோயாளி முழுச் சம்மதத்துடன், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டிய மாத்திரை இது. இதைப் பொடி செய்து குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மருந்தோடு ஆலோசனையும் அவசியம். எந்த முறை ஆலோசனை சிறந்தது என்று அறிய அமெரிக்காவில் 1,726 பேரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றுக்கும் பெரிய வேற்றுமை தென்படவில்லை. ஆகவே முறையின் பெயரைக் கேட்டு மயங்குவதைவிட, பஸ் கட்டணத்துக்குள் போய்வரக்கூடிய இடமாக, மாதந்தோறும் தவறாது போகக்கூடிய இடமாகத் தேர்வது மேல் என்பது என் அபிப்பிராயம். மிதமிஞ்சிக் குடிப்போரிடம் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூரார் நான்கு அமர்வுகளுக்குள் ஆலோசனை கூறினர். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் அவர்களிடம் வந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் தேறியிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். பிரமாதமான வித்தியாசம் அல்ல என்று சிலர் கூறலாம். பத்துக் குடும்பங்கள் எனக்கு அற்பமாகத் தோன்றவில்லை.

விடுதியில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால், பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டியவை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன்னுள் அடக்குகிறது. அதன்படி பதிவு பெற்ற இடமா? மருத்துவர் வருகிறாரா? சங்கிலி போடுவதை அச்சட்டம் அறவே தடுக்கிறது. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை இக்கரையோர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோயாளியைப் பார்க்கவே விடமாட்டோம் என்னும் இடத்தில் என் உறவினரை நான் சேர்க்கமாட்டேன். உத்தரவாதம் தரும் இடத்திலும் சேர்க்கமாட்டேன்.

2019-இல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் உதவி பெற்றிருக்கிறார். இதற்கு வெட்கம் ஒரு காரணம், தூரம் மற்றொரு காரணம். சென்னையிலுள்ள டி.டி.கே. மருத்துவமனையினர் 1989 முதல் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே தங்கி 15 நாள் முகாம் நடத்தி இவ்விரண்டையும் ஓரளவு நீக்கிக் காட்டினர். சங்கக் கட்டடம் உள்ள ஊர்களில் மாதம் ஒருநாள் அரசு மனநல மருத்துவரை வரவழைத்து அமரச் செய்வது நம் நிர்வாகக் கமிட்டிகளால் ஆகாத காரியமா?

மணப்பாட்டு அம்மையாரின் மனு திருப்பிக் கொடுக்கப்பட்டது. கணவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். உள்நோயாளியாக ஒரு வாரம் இருந்தார். பிறகு மாதந்தோறும் மருந்தும் ஆலோசனையும். செலவு பெரும்பாலும் போக்குவரத்துக்கே. ஐந்தாம் மாதம் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டார். முன்போல் எல்லாம் போயிற்று என்று கைவிடாமல், அடுத்த நாளே மருத்துவமனைக்குச் சென்றார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லையாம்; மருந்தை மாற்றிக் கொடுத்தார். இதை எழுதும்பொழுது மீண்டும் நான்கு மாதமாகக் குடியாமல் இருக்கிறார். அப்பாலும் போய்வர வேண்டியதுதான்.

ஆலோசனை வேண்டுவோர் கட்டணமின்றி 14446 என்ற எண்ணுடனோ, மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணுடனோ தொலைபேசியில் பேசலாம். காரியதரிசிகள் இவ்விரு எண்களையும் சங்க அறிவிப்புப் பலகையில், கூலிப் பட்டுவாடா நடக்கும் இடத்துக்கு அருகில், பெரிய எழுத்தில் எழுதிவைக்கக் கோருகிறேன்.