செல்லத்துக்கு விடை கொடுத்த வீட்டில் அடுப்பு எரியட்டும்

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால், அந்த நாளை நாம் குறிப்பதில்லை. வளர்த்த நாய்க்கோ பூனைக்கோ கருணைக்கொலை என்று வரும்போது நாளையும் நேரத்தையும் நாமே குறிக்கிறோம். சம்மதக் கடிதத்தில் நாமே கையெழுத்துப் போடுகிறோம். சிறுநீரகம் செயலிழந்த லாப்ரடார், புற்றுக்கட்டி பரவிய பூனை, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த கிழட்டு நாய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இனி வலியைக் குறைக்க வழியில்லை என்று கால்நடை மருத்துவர் கைவிரித்த பிறகு எடுக்கிற முடிவு அது. ஆனாலும் வீடு திரும்பியதும் துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து முதலில் கைவைப்பது தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான். தூக்கத்தை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. சாப்பாட்டை ஓரளவு நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். தேறுவதை அங்கிருந்து தொடங்குவது எளிது.

முடிவெடுக்கும் நேரம் எது?

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோலைத் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். வலியில்லாமல், மூச்சுத் திணறாமல் இருந்தால் வலிக்கான கட்டத்தில் அதிக மதிப்பெண். மொத்தம் 35-ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது; குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவது நல்லது. தினமும் காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வரலாம். ‘அவசரப்பட்டுவிட்டோமோ’ என்று பிறகு மனசு குடையும்போது எடுத்துப் பார்க்க, நம் கைப்பட எழுதிய சாட்சி ஒன்று இருக்கும்.

ஊசி போடும்போது என்ன நடக்கிறது?

பெரும்பாலும் முதலில் ஒரு மயக்க ஊசி. பிராணி அசந்த பிறகு, காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக, மயக்க மருந்து மிக அதிக அளவில் செலுத்தப்படுகிறது. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. அடுத்த சில நிமிடங்களில் மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுவிடுகின்றன. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து மருத்துவர் உறுதி செய்வார்.

சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதிர்ச்சி குறையும். கண்கள் திறந்தபடியே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை பெருமூச்சு போல வரலாம், தசைகள் துடிக்கலாம், சிறுநீரும் மலமும் வெளியேறலாம். இவை உடலின் அனிச்சைச் செயல்கள்; வலியின் அடையாளம் அல்ல.

கடைசியாக ஒரு வாய் தயிர்சாதம் ஊட்ட ஆசைப்படுவோம். மயக்க மருந்தால் வாந்தி வரக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பணம் கட்டுவது, கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். உடலைச் சொந்த நிலத்தில் புதைப்பதாக இருந்தால் ஆழமாகத் தோண்டுங்கள். உடலில் தங்கியிருக்கும் மருந்து, தோண்டித் தின்னும் நாய்களுக்கும் பறவைகளுக்கும் விஷமாகும்.

‘நான்தானே கையெழுத்துப் போட்டேன்?’

சீக்கிரம் முடிவெடுத்தவர் ‘இன்னும் பத்து நாள் பார்த்திருக்கலாமோ’ என்கிறார். தள்ளிப்போட்டவர் ‘அவ்வளவு நாள் துடிக்க விட்டுவிட்டேனே’ என்கிறார். வைத்தியச் செலவைத் தாங்க முடியாதவருக்குப் பணத்தை நினைத்து ஒரு குறுகுறுப்பு. எந்த நாளைக் குறித்திருந்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். உயிரைக் கொண்டுபோனது நோய். ஊசி சுருக்கியது வலியை. பிழைக்க வழியின்றி வதைபடும் பிராணியைக் காப்பாற்றி வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் அதன் உயிரை முடித்துவைக்க, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் இடமளிக்கிறது.

இந்தத் துக்கத்தைக் கூட்டுவது இன்னொன்று. மனிதர் இறந்தால் மாலை, பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று துக்கம் நடந்துபோக ஒரு பாதை இருக்கிறது; அலுவலகத்தில் விடுப்பும் கிடைக்கிறது. நாய்க்கு அது எதுவும் இல்லை. ‘ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை?’ என்ற பேச்சுதான் மிச்சம். சமூகம் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். வெளியே காட்ட முடியாத துக்கம் ஆறுவதற்கு அதிக நாள் பிடிக்கும்.

அது உடம்பையும் பாதிக்கும். வளர்ப்பு நாய் இறந்த அதிர்ச்சியில் நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வந்த டெக்சாஸ் பெண் ஒருவரைப் பற்றி, 2017-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் செய்தி வெளியிட்டது. மாரடைப்பு போலவே தோன்றினாலும், அவருக்கு வந்தது கடும் மன அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளரும் ‘டகோட்சுபோ’ பாதிப்பு. இது அபூர்வம்தான். ஆனாலும் துக்கத்தில் நெஞ்சு வலித்தால் ‘மனசு வலி’ என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பசி எங்கே போனது?

அதிர்ச்சி நேரத்தில் மூளையிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் பசியை அடக்கி, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகின்றன. அதனால்தான் இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிறைந்தது போல் தொண்டையை அடைக்கிறது. மன அழுத்தம் நாள்கணக்கில் நீண்டால் கதை மாறும். கார்ட்டிசால் தொடர்ந்து அதிகமாகச் சுரந்து, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் தேட வைக்கும். முதல் வாரம் பட்டினி, அடுத்த வாரம் பாக்கெட் பாக்கெட்டாக சிப்ஸ் என்று பலர் அல்லாடுவது இதனால்தான்.

இதில் வேறொரு சிக்கலும் உண்டு. நாய் வளர்த்த வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் நேரம்தான். காலை பால் காய்ச்சும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்கும். மாரி பிஸ்கட் உறையைப் பிரிக்கும் சத்தத்துக்கே ஓடிவரும். அது போன பிறகும், சாப்பிட்டு முடிக்கையில் கடைசிப் பிடி சாதத்தைக் கை தானாக ஒதுக்கிவைக்கும். அந்த ஒரு பிடியைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளைக்குச் சாப்பிடும் இடத்தையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். தனியாகச் சாப்பிடாமல், வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள்.

முதல் சில நாட்களுக்கு என்ன சாப்பிடலாம்?

விருந்தும் வேண்டாம், விரதமும் வேண்டாம். வயிறு மந்தமாக இருப்பதால் பிரியாணி, பரோட்டா போன்றவை நெஞ்சைக் கரிக்கும். இளஞ்சூடாக, குழைவாக, காரம் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

நொய்க்கஞ்சி இதற்கு உகந்தது. ஒரு டம்ளர் நொய்யரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நாலைந்து பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகம், 7 அல்லது 8 டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் 4, 5 விசில் விட்டு, உப்புப் போட்டுக் கடைந்தால் போதும். மாவுச்சத்து, புரதம், தண்ணீர், உப்பு எல்லாம் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும். தொட்டுக்கொள்ளக் கறிவேப்பிலைத் துவையலோ சுட்ட அப்பளமோ இருந்தால் நாக்குக்கும் கொஞ்சம் உயிர் வரும். நிற்கவும் தெம்பில்லாதவர்கள்கூட இதை வைத்துவிடலாம். நறுக்குவதற்கோ தாளிப்பதற்கோ ஒன்றுமில்லை.

கஞ்சி பிடிக்காதவர்களுக்குக் குழைந்த ரசம் சாதம், மோர் சாதம், இட்லி, இடியாப்பம், பருப்புசாதத்தில் ஒரு ஸ்பூன் நெய். இடையிடையே வாழைப்பழம், மோர், இளநீர். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் உள்ளே போனாலே போதும். அழுது அழுது தலைவலிக்கிறது என்று ஆறேழு டீ குடித்தால் இரவுத் தூக்கமும் போகும். தூங்குவதற்காக மதுவை நாடுவது அதைவிட ஆபத்து.

மாத்திரை போடுபவர்கள் கவனத்துக்கு

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள், மருந்தை வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். சாப்பிடவே முடியவில்லை என்றால் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் துக்கத்தில் மறந்துவிடாமல் வீட்டில் ஒருவர் நினைவூட்டுங்கள்.

குழந்தைகளும் மற்ற செல்லங்களும்

‘பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்’ என்று குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். செல்லம் திரும்பி வருமென்று குழந்தை காத்திருக்கும். ‘தூங்க வைத்துவிட்டோம்’ என்றால் சிறு குழந்தைகள் தூங்கவே பயப்படலாம். ‘உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது, டாக்டராலும் சரி செய்ய முடியவில்லை, இறந்துவிட்டது’ என்று நேராகச் சொல்லுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். இத்தாலியில் 400-க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பிறகு மற்ற நாய் விளையாட்டைக் குறைத்தது, சரியாகச் சாப்பிடவில்லை என்று பலர் சொன்னார்கள். அதன் உணவு, நடை நேரத்தை மாற்றாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

அலையலையாக அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் சாப்பாடும் தூக்கமும் சீராகாமல், எடை குறைந்து, வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

நம் ஊரில் இழவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவினரும் பக்கத்து வீட்டாரும் சாப்பாடு கொண்டுவருவார்கள். துக்கப்படுகிறவருக்குச் சமைக்கத் தெம்பிருக்காது, கேட்கவும் வாய் வராது என்று தெரிந்து ஏற்பட்ட வழக்கம் அது. நாயை இழந்த வீட்டுக்கு யாரும் தூக்குச்சட்டியோடு போவதில்லை. அந்த வழக்கத்தை இங்கேயும் நீட்டலாம். கொஞ்சம் ரசமும் சாதமும் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘வேறு குட்டி வாங்கிக்கொள்ளேன்’ என்ற யோசனையை அவர்களே கேட்கும்வரை தள்ளிவையுங்கள். செத்துப்போன நாயை அதன் பெயர் சொல்லி விசாரித்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எதிரில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் இரண்டு வாய் கூடவே உள்ளே இறங்கும்.