ஆமை புகுந்த வீடு!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பாள் எங்க பாட்டி. பேரப் பிள்ளைகளோ வாஸ்துக்காகக் கடையில் குட்டி ஆமை வாங்கித் தொட்டியில் விடுகிறார்கள்! கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கிறதே, அது அமெரிக்கச் சரக்கு. சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு வளர்ந்ததும், 'போய்ப் பொழைச்சுக்கோ' என்று குளத்தில் தள்ளிவிடுகிறார்கள். அங்கே அது உள்ளூர் ஆமையோடு சாப்பாட்டுக்குப் போட்டிக்கு நிற்கும்.

உள்ளூர்க்காரர் யார் என்கிறீர்களா? நாஞ்சில் நாட்டுக் குளத்திலும் வயலிலும் வசிக்கும் பாலாமை. அமெரிக்காவின் 'ஸ்நாப்பிங்' ஆமைக்கு ஓட்டுக்குள் முழுசாக ஒடுங்க முடியாது. அதனால் பாய்ந்து கடிக்கும். நம்மவர் சாது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு, தோல் மடலைக் கதவு மாதிரி சாத்திக்கொள்வார். நத்தை, செத்த மீன் எல்லாம் தின்று குளத்தைச் சுத்தமாக்குவார். குளம் வற்றினால் சேற்றில் புதைந்து மழை வரும்வரை தூக்கம். (எங்க ஆபீஸில் மழை வந்தாலும் எழுந்திருப்பதில்லை!)

அந்தத் தூக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். "லே மக்கா, ஆமைக்கறி மூலத்துக்கு நல்ல மருந்துலே" என்றார் ஒரு நண்பர். மருந்தாவது, மண்ணாவது! 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்தில் பாலாமைக்குப் புலியோடு சமமாக முதல் அட்டவணையில் இடம். பிடித்தால் 3 முதல் 7 வருஷம் வரை உள்ளே. வீட்டுக்கு அமீனா வருகிறாரோ இல்லையோ, ரேஞ்சர் வருவார்.

மழை நாளில் ரோட்டைக் கடக்கிற ஆமையைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அது போகிற பக்கமே கொண்டுபோய் விடுங்கள். ஓட்டின் பின்பக்கமாகப் பிடிக்கணும். சாதுதான், ஆனால் கழுத்து நீளம்!