ஃபேன் இருக்கிறதே, அப்புறம் என்ன?

"ஓசூர்ல ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வந்தா ஜிலுஜிலுன்னு இருக்கு. பாரூர்ல வந்து இறங்கினா ஒரே அனல்!" என்று அலுத்துக்கொள்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் சொல்வது நிஜம்தான். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாரூர் அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. 100 மீட்டர் இறங்கினால் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகவே சூடு கூடும்.

வந்ததும் என்ன செய்கிறோம்? ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைக்கிறோம். ஆனால், ஃபேன் காற்றைக் குளிரவைப்பதே இல்லை தெரியுமா? ஆளில்லாத அறையில் ஓடவிட்டுப் பாருங்கள். தெர்மாமீட்டர் இறங்காது!

பின்னே ஏன் சுகமாக இருக்கிறது? நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், உடம்பை ஒட்டிப் போர்வை மாதிரி நிற்கும் சூடான காற்றை ஃபேன் விரட்டுகிறது. கூடவே வியர்வையை உலர்த்துகிறது. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோய்விடும். உலராமல் சொட்டி விழுந்தால் பலனில்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் புழுங்குவது இதனால்தான்.

இங்கேதான் ஆபத்து. சித்திரை மதியம் சிமெண்ட் ஷீட் அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால், ஃபேன் உடம்புக்குள் சூட்டை ஏற்றும். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு. தாகமும் சரியாகத் தெரியாது. 'பாட்டி ஃபேன் அடியில்தானே படுத்திருக்காங்க' என்று இருந்துவிடாதீர்கள்.

மதியத்தில் அவர்களை நிழலான திண்ணைக்கோ, குளிர்ந்த அறைக்கோ மாற்றுங்கள். கை, கழுத்து, முதுகை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்த ஈரம் செய்யும். கேட்காவிட்டாலும் தண்ணீரோ மோரோ கொடுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

உடம்பு கொதிக்கிறதா, பேச்சு குழறுகிறதா, மயங்குகிறார்களா? உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஃபேன் ஓடினால் மட்டும் போதாது. நாமும் எட்டிப் பார்க்க வேண்டும்!