வீடு தேடி வந்த வாக்குச்சீட்டு

பிரிட்டனில் 2001 முதல், கேட்ட எவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வந்தது. வீட்டுத் திண்ணையிலேயே அது களவும் போனது.

பிளாக்பர்ன் நகரில் 2002 உள்ளாட்சித் தேர்தலின்போது, நிரப்பாத சீட்டுகளை வீடு வீடாகத் திரட்டிய நகரமன்ற உறுப்பினர் ஒருவர் 2005 ஏப்ரலில் சிறை சென்றார். திருடப்பட்டவை குறைந்தது 233 வாக்குகள். தண்டனை மூன்று ஆண்டு ஏழு மாதம்.

அதே மாதம் பர்மிங்காமில் இரு வட்டாரங்களின் 2004 தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. வென்ற அறுவரும் பதவியிழந்தனர். ஒருவர்மீதான குற்றத்தீர்ப்பு மட்டும் மேல்முறையீட்டில் நீங்கியது. அறுவரும் நம் சமுதாயப் பெயர் தாங்கியவர்கள் என்பதை எழுதக் கை கூசுகிறது.

2006 சட்டத்திற்குப் பின், தபால் வாக்கு கோரும் தாய்மார் தம் பிறந்த தேதியையும் கையொப்பத்தையும் தாமே தரவேண்டியதாயிற்று.