சிறுநீர்ச் சோதனை: எம்முறை, எவ்விடத்தில்?

கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை, எரிச்சலோ காய்ச்சலோ ஏதுமின்றியே சிறுநீரில் பாக்டீரியாக் கிருமிகளைக் கொண்டிருக்கக் கூடும். சிகிச்சையின்றி விடப்பட்டால் இவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொற்று சிறுநீரகம் வரை பரவுகிறது; எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அறிகுறியற்ற இந்நிலையைச் சோதனை ஒன்றே காட்ட வல்லது. அதற்கென வழக்கிலுள்ள முறைகள் மூன்று.

சிறுநீரில் நனைத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனைப் பட்டை இவற்றுள் மிக எளியது. ஈ. கோலை போன்ற கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்டைப் பட்டையின் ஒரு கட்டம் காட்டுகிறது. ஆனால், இம்மாற்றம் நிகழச் சிறுநீர் சுமார் 4 மணி நேரமாவது பையில் தங்கியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளோ அடிக்கடி சிறுநீர் கழிப்பவர்கள். மேலும், என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் இம்மாற்றத்தைச் செய்வதே இல்லை. மற்றொரு கட்டம் வெள்ளணுக்களின் நொதியைக் காட்டுகிறது; அது அழற்சிக்குச் சான்றேயன்றிக் கிருமிக்குச் சான்றன்று. ஒப்பந்தப்புள்ளியில் பட்டையின் மலிவு உடனே கண்ணில் படுகிறது. அது தவறவிட்ட நோயாளியின் செலவு எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஏறுவதில்லை!

துல்லியத்தில் முதலிடம் வளர்சோதனைக்கே உரியது. ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமிகள் என்ற அளவுகோலை 1956-இல் எட்வர்டு காஸ் நிலைநிறுத்தினார். எம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதையும் இம்முறையால் அறியலாம். எனினும், முடிவு தெரிய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். குளிரூட்டப்படாத மாதிரி 2 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தை அடைதல் வேண்டும். உகந்த வெப்பத்தில் ஈ. கோலை சுமார் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. ஆகவே, கோடை வெயிலில் பேருந்தில் பயணம் செய்த குப்பி, தொற்றே இல்லாத பெண்ணையும் நோயாளியாக்கிவிடக் கூடும். தொலைவும் ஒரு செலவே என்பதைப் பொருளாதாரம் படித்தோர் அறிவர்.

இடைப்பட்டது, 1884-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறையாகும். சுழற்றிப் பிரிக்காத சிறுநீர்த் துளியை உலர்த்திச் சாயமேற்றி, எண்ணெய்வில்லையில் நோக்கும்போது பார்வைப் புலம் ஒன்றுக்கு ஒரு கிருமியேனும் தென்பட்டால், அது ஏறத்தாழ மேற்கூறிய 1 லட்சத்துக்கு ஈடாகும். காசநோய்ச் சளியையும் மலேரியா இரத்தப் பூச்சையும் பார்க்கும் அதே நுண்ணோக்கி இதற்குப் போதும். வளர்சோதனைக்கு வசதியற்ற இடங்களில், கர்ப்பிணிகளுக்குப் பட்டையைவிட இம்முறையே ஏற்றது என உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. மருந்துத் தேர்வுக்கு இது உதவாது. பயிற்சி பெற்ற கண்ணும் நேரமும் தேவை. ஆயினும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதுவே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியே தீரவேண்டிய மாதிரிகளை, 4 பாகை செல்சியசில் குளிர்வித்தோ போரிக் அமிலம் இட்ட குப்பியிலோ 24 மணி நேரம் வரை காக்கலாம். அனுப்புச் சீட்டில் மாதிரி எடுத்த நேரத்துக்கென ஒரு கட்டம் இருக்குமானால், காலங்கடந்த குப்பியை ஒதுக்கிப் புதிய மாதிரி கேட்க ஆய்வுக்கூடத்தாருக்கு இயலும்.