மரம் செதுக்கும் இயந்திரத்துக்கு எந்தக் கணினி?

ரிங்லெட் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வரும் படிவம் 4 மாணவன் ஒருவன், சென்ற மாதம் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அதில் 'தேயிலைத் தோட்டம்' என்று செதுக்கியிருந்தது. முதல் சொல் அழகாக விழுந்திருந்தது. இரண்டாம் சொல்லில் 'தோ' முடிந்ததும், மீதி எழுத்துகள் எல்லாம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தன.

அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து வாங்கிய சிறிய சிஎன்சி இயந்திரத்தின் வேலை அது. சுற்றுப்பயணிகளுக்கு மரப் பெயர்ப்பலகை செய்து விற்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. "கணினி பழசு, வேகம் போதாது, புதுசு வாங்குங்கள்" என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அவர் காட்டிய கணினியின் விலை, இயந்திரத்தின் விலையைப் போல் மூன்று மடங்கு. அப்பா கடன் வாங்கவும் தயாராகிவிட்டார்.

"வாங்கலாமா சார்?" என்றான். வேண்டாம் தம்பி என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கத்தி எங்கே போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை எண்களால் கட்டளையிடுவதுதான் சிஎன்சி. இந்த எண்முறை 1952-லேயே அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் ஓர் உலோகம் வெட்டும் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து பிறந்த முயற்சி. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. அப்போது நம் மேசைக் கணினி எங்கே இருந்தது?

இப்போது கணக்குக்கு வருவோம். சிறிய இயந்திரங்களில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு மின்துடிப்பு வந்தால் ஒரு படி நகரும். 200 படி நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று. மோட்டாரை இயக்கும் பலகை ஒவ்வொரு படியையும் 8 ஆகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்பு. ஒரு சுற்றுக்குத் திருகுத்தண்டு கத்தியை 8 மில்லிமீட்டர் தள்ளினால், 1 மில்லிமீட்டருக்கு 200 துடிப்பு. கத்தி வினாடிக்கு 20 மில்லிமீட்டர் ஓட வேண்டுமானால் வினாடிக்கு 4,000 துடிப்பு வேண்டும். அதாவது 250 மைக்ரோவினாடிக்கு ஒன்று.

4,000 என்பது கணினிக்கு ஒரு பெரிய எண்ணே அல்ல. சிக்கல் 'எத்தனை' என்பதில் இல்லை, 'எப்போது' என்பதில் இருக்கிறது. உறுமி மேளத்தில் ஒருவர் எவ்வளவு வேகமாக அடித்தாலும், நடுவில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் தாளம் என்னவாகும்? சாதாரணக் கணினி அதைத்தான் செய்கிறது. திரையை வரையும், வைரஸ் தேடும், இணையத்தைப் பார்க்கும். காத்திருக்கும் ஒரு சாதாரண நிரலை எழுப்ப, விண்டோஸ் வழக்கமாக 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் மணி பார்க்கும். அதற்குள் நம் மோட்டாருக்கு 62 துடிப்பு போயிருக்க வேண்டும்! மாக்3 போன்ற மென்பொருள்கள் தனி வழி வைத்து இதைத் தாண்டுகின்றன. ஆனாலும் கணினி எப்போதாவது தடுமாறும்.

தடுமாறினால் ஒரு துடிப்பு தாமதமாகிறது, அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மோட்டாருக்கு நிலைமம் உண்டு, திடீரென்று பாய முடியாது. படி தவறி நழுவுகிறது. நழுவியது கணினிக்குத் தெரியாது, ஏனென்றால் கணினிக்குப் பதில் சொல்ல அங்கே எந்த உணரியும் இல்லை. அதனால்தான் எழுத்தின் வடிவம் கெடாமல், இடம் மட்டும் மாறியது. அந்த 3 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 600 துடிப்பு.

அவர்களுடைய பழைய மேசைக் கணினி, பேரலல் போர்ட் வழியாக நேரடியாகத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இதே முறையில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச மென்பொருளில் கணினியின் தடுமாற்றத்தை அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை ஓடவிட்டு, பல சாளரங்களைத் திறந்து மூடி, கணினிக்குத் தொல்லை கொடுக்க வேண்டும். 20 மைக்ரோவினாடிக்குள் வந்தால் அருமை. 30 முதல் 50 வரை சமாளிக்கலாம். 100-ஐத் தாண்டினால் அந்தக் கணினி நேரடித் துடிப்புக்கு ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், புதிய மடிக்கணினி இந்தச் சோதனையில் தோற்று, பழைய மேசைக் கணினி தேறுவது உண்டு. மடிக்கணினியின் மின்சேமிப்பு ஏற்பாடுகள் நம்மைக் கேட்காமலே குறுக்கிடும்.

இவன் கணினி 100-ஐத் தாண்டிவிட்டது. சரி, கடைக்காரர் காட்டிய புதுக் கணினி? அதில் பேரலல் போர்ட்டே இல்லை. 64 பிட் விண்டோஸில் மாக்3-இன் பேரலல் போர்ட் வழியும் வேலை செய்யாது. கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தெரிந்திருக்கும்.

தாளம் போடும் வேலையைக் கணினியிடமிருந்து பிடுங்கி, வேறொரு சிறிய பலகைக்குக் கொடுப்பதுதான் வழி. ஆர்டுயினோ ஊனோ பலகையும், அதில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச நிரலும் போதும். அந்தப் பலகையின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் நுழையாது! ஆனால் அதற்கு வேறு வேலை கிடையாது. நம் 250 மைக்ரோவினாடி இடைவெளியில் அதன் கடிகாரம் 4,000 முறை துடித்துவிடும். வினாடிக்கு 30,000 துடிப்பு வரை அதனால் தர முடியும்.

கணினி இனி கட்டளை வரிகளை யுஎஸ்பி கம்பி வழியாக அனுப்பினால் போதும். பல வரிகள் முன்னதாகவே பலகையில் காத்திருக்கும். அனுப்புவது தாமதமானால், பலகை கத்தியின் வேகத்தைக் குறைத்து ஒழுங்காக நிறுத்தும். படி தவறாது. அதனால் அக்கா பாடத்துக்குப் பயன்படுத்தும் பழைய மடிக்கணினியே போதுமென்றேன். பார்க்க வேண்டியவை வேறு: யுஎஸ்பி நன்றாகப் பிடிக்கிறதா, கணினி நடுவில் தூங்காதபடியும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடியும் அமைத்தாயிற்றா, கம்பி குட்டையாகவும் கத்தி மோட்டாரின் கம்பியிலிருந்து விலகியும் இருக்கிறதா? நம் மலையில் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். ஈரமும் மரத்தூளும் சேர்ந்து மின்விசிறியில் அப்பிக்கொள்ளும். மடிக்கணினியைத் தள்ளி வையுங்கள், பலகையை ஒரு பெட்டிக்குள் போடுங்கள்.

எழுத்துகள் இப்போது நேராக விழுகின்றன. ஆனால் போன வாரம் ஒரு மழை மாலையில், செதுக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் பெற்ற அந்தச் சிறிய பலகையும் ஓடியது. மோட்டார்கள் மட்டும் செத்துக் கிடந்தன. திரையோ வேலை முடிந்தது என்று காட்டியதாம்! கணினிக்கு உண்மை நிலவரம் தெரியாது என்று நான் சொன்னதை அன்று நேரில் பார்த்துவிட்டார்கள். மின்சாரம் பாதியில் திரும்பியிருந்தால், கத்தி தப்பான இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும். மோட்டார்களுக்கும் கத்திக்கும் போகும் மின்சாரத்தை ஒரே அழுத்தில் வெட்டும் சிவப்புப் பொத்தான் ஒன்றை உடனே வைக்கச் சொன்னேன். கத்தி தொடக்க இடத்தைத் தானே தேடிப் பிடிக்க, எல்லைச் சுவிட்சுகளை அண்ணன் இப்போது பொருத்திக்கொண்டிருக்கிறான்.