தலைக்காயம் ஆறிவிட்டது... ஆள் மாறிவிட்டாரே!

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. முடி வளர்ந்து தழும்பைக்கூட மறைத்துவிட்டது. நடக்கிறார், சாப்பிடுகிறார், டி.வி. பார்க்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "கடவுள் புண்ணியம், பழையபடி ஆயிட்டாரே!" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவர் பழையபடி ஆகவில்லை என்று.

"எழுந்து குளிங்க" என்று சொன்னால்தான் குளிக்கிறார். சொல்லாவிட்டால் மதியம் வரை அதே நாற்காலி. மிக்ஸி ஓடினால் கத்துகிறார். பையன் ரெண்டாம் தடவை சந்தேகம் கேட்டால் நோட்டு பறக்கிறது. காலையில் என்ன டிபன் என்று பத்து மணிக்குத் தெரியாது. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணத்தில் என்ன பாயசம் என்று சரியாகச் சொல்கிறார். மாமியார் முணுமுணுக்கிறார்: "பாயசம் ஞாபகம் இருக்காம். மாத்திரை போட்டது ஞாபகம் இல்லையாம். எல்லாம் நீ குடுக்கிற செல்லம்!"

இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அது உங்கள் வீடாகவே இருந்தால், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. திமிரும் இல்லை, நடிப்பும் இல்லை. மூளையில் பட்ட அடியின் மிச்சம்.

மூளை சுமார் 1,400 கிராம் எடை. கெட்டித் தயிர் மாதிரி மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பைக் மோதி, தலை சடாரென்று நிற்கிறது. உள்ளே இருக்கிற மூளை உடனே நிற்பதில்லை. மண்டை ஓட்டின் முன்பக்க அடித்தளம் வழவழப்பாக இருக்காது, மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் மூளையின் முன்பகுதியும், காதுக்கு உள்பக்கமாக இருக்கும் பகுதியும் உரசி நசுங்குகின்றன. பல பேருக்குக் கை, கால் தப்பித்து, குணமும் ஞாபகமும் அடிபடுவது இதனால்தான்.

முன்மூளை என்பது ஆபீஸில் மேனேஜர் மாதிரி. எந்த வேலையை எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது, எந்தக் கோபத்தை வெளியில் காட்டலாம், எதை விழுங்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். மேனேஜர் லீவில் போனால் ஆபீஸில் ஆட்கள் இருப்பார்கள், வேலை நகராது. பழைய பாயச ஞாபகம் எப்போதோ பத்திரமாகப் பதிந்தது, அது இருக்கிறது. புதிதாக ஒன்றைப் பதிவு செய்கிற இடம்தான் பழுது. விபத்து நடந்த நிமிஷமும், அதற்குப் பிறகு சில நாட்களும் பலருக்குக் கடைசி வரை ஞாபகத்துக்கு வருவதே இல்லை. அதைத் தோண்டித் தோண்டிக் கேட்பதில் பிரயோஜனம் கிடையாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. வாசனை நரம்புகள் சல்லடை மாதிரியான ஒரு மெல்லிய எலும்பு வழியாகத்தான் மேலே போகின்றன. அடி விழும்போது அவை அறுந்துபோகலாம். சாம்பார் ஊசிப்போனதும் தெரியாது, கேஸ் கசிவதும் தெரியாது! அதனால் ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது வேறு ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைக்கும் டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

தலையில் அடிபட்டால் குணம் மாறும் என்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டியவர் ஃபினியஸ் கேஜ் என்ற அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளி. 1848-ல் பாறைக்கு வெடி வைக்கும்போது ஒரு மீட்டருக்கும் அதிக நீளமான இரும்புக் கம்பி இடது கன்னம் வழியாகப் புகுந்து, உச்சந்தலை வழியாக வெளியே வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் முன்கோபியாக, சொன்ன பேச்சில் நிற்காதவராக ஆகிவிட்டார். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கல்லூரிகளில் மாணவர்களுக்கு இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவது வழக்கம்.

கதையின் மீதிதான் நமக்கு முக்கியம். 1852-ல் கேஜ் தென் அமெரிக்காவில் இருக்கும் சிலி நாட்டுக்குப் போய், ஏழு வருஷம் போல் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் விடியற்காலையில் எழுந்து குதிரைகளைத் தயார் செய்ய வேண்டும். அதே பாதை, அதே நேரம், அதே வரிசையில் வேலைகள். நாள் முழுக்க ஒரு சட்டத்துக்குள் இருந்ததால்தான் அவர் அந்த அளவுக்குத் தேறினார் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உள்ளே இருந்த மேனேஜர் செய்யாததை வெளியே இருந்த ஒழுங்கு செய்துகொடுத்தது. (உடனே, "அப்ப இவர் வண்டி ஓட்டலாமா?" என்று கேட்காதீர்கள். வலிப்பு வரக்கூடிய ஆபத்து உண்டு. கேஜும் கடைசியில் 1860-ல் வலிப்பில்தான் இறந்தார். டாக்டர் எழுத்தில் அனுமதி தரும் வரை ஸ்கூட்டர் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.)

ஆக, குதிரை வண்டிக்குப் பதிலாக நம் வீட்டில் என்ன?

ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும்போது கட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்வார்கள். அழகாக அடுக்குவார். வீட்டுக்கு வந்து காபி போடச் சொன்னால், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்தில் பொருத்திப் பார்ப்பது அடிபட்ட மூளைக்குக் கஷ்டம். அதனால் காபி போடுவதை அவருடைய சமையலறையிலும், காய்கறி வாங்குவதை அவர் தெருக் கடையிலும்தான் பழக்க வேண்டும். இதற்குத்தான் சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்று பெயர்.

பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் எளிது. 1978-ல் அல்மா ஆட்டா நகரில் ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடிப் பேசின. அதன் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரப்பியது. சிகிச்சை நிபுணர்கள் எல்லாம் பெரிய ஊர்களில், பாதிக்கப்பட்டவர்களோ எங்கெங்கோ. ஆகவே பயிற்சியை வீட்டுக்குக் கொண்டுபோவோம், வீட்டில் ஒருவரையே பயிற்சியாளர் ஆக்குவோம், தெருவையும் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். 1989-ல் இதற்கென்றே பயிற்சிக் கையேடு வந்தது. 2010-ல் வந்த வழிகாட்டி நூல் உடல் நலத்தோடு நிற்காமல் படிப்பு, பிழைப்பு, சமூக வாழ்க்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பேசியது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களுக்கே போய் மறுவாழ்வுப் பணி செய்வதில் பெயர் வாங்கியது. அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர்.

சரி, உங்கள் வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? தினம் கிழிக்கிற காலண்டரில் இருந்து ஆரம்பியுங்கள். காலையில் அதைக் கிழிப்பது அவர் வேலை. பக்கத்தில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. ஆறு மணிக்கு எழுந்திருப்பது, பல் தேய்ப்பது, காபி, குளியல், மாத்திரை என்று வரிசையாக எழுதி, முடிந்ததும் அவரே டிக் அடிக்க வேண்டும். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பதற்குப் பதில், "நோட்டைப் பாருங்க" என்று சொல்லுங்கள். நீங்கள் ஞாபகப்படுத்தினால் நீங்கள்தான் அவர் மூளை. நோட்டைப் பார்க்கப் பழகினால் அது அவருடையது! சாவி, கண்ணாடி, பர்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆணி, ஒரே தட்டு. இடத்தை மாற்றாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "கடைக்குப் போய் தக்காளி வாங்கிட்டு, அப்படியே கரன்ட் பில்லையும் விசாரிச்சிட்டு..." என்றால் தக்காளியும் வராது. பரீட்சை வைக்காதீர்கள். வருகிற உறவுக்காரர்களுக்கு இதில் ஏனோ தனி ஆசை. "மாப்ளே, நான் யாரு சொல்லுங்க பாப்போம்?" என்று முகத்துக்கு நேரே நிற்பார்கள். அவர் தடுமாறி நிற்பதைப் பார்ப்பதில் என்ன சந்தோஷமோ! வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "சித்தப்பா, உங்க பேரைச் சொல்லிக்கிட்டே உள்ளே வாங்க."

அசதியைக் குறைத்து எடைபோடாதீர்கள். அரை மணி நேரம் நாலு பேர் பேச்சைக் கேட்பதே அவருக்குக் கல் உடைக்கிற வேலை. கோபம் வெடிப்பது பெரும்பாலும் களைத்த நேரத்தில், சத்தத்தின் நடுவில்தான். எப்போதெல்லாம் வெடிக்கிறார் என்று பத்து நாள் குறித்துப் பாருங்கள். டி.வி., மிக்ஸி, பிள்ளைகள் சண்டை மூன்றும் ஒன்றாகச் சேரும் மாலை ஆறு மணி என்று தெரியவரலாம். அந்த நேரத்துக்கு அவருக்கு மொட்டை மாடி. வெடித்த பிறகு நியாயம் பேசாதீர்கள். நகர்ந்துவிடுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: "அப்பாவுக்கு உன் மேலே கோபம் இல்லே. அடிபட்ட இடம் அப்படிப் பேச வைக்குது."

அடுத்தது தெரு. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய், மூடி மறைக்காமல் பேசுங்கள். "இவர் சீட்டோட வருவார். அதிலே இருக்கிறதை மட்டும் குடுங்க, மீதி சில்லறையை எண்ணிக் கையிலே குடுங்க, அவசரப்படுத்தாதீங்க." முதல் வாரம் நீங்கள் கூடப் போங்கள். அடுத்த வாரம் தெருமுனையில் நில்லுங்கள். அதற்கடுத்து வாசலில். அயர்ன் கடைக்காரர், கோயில் குருக்கள், காலையில் வாக்கிங் போகும் ரிட்டயர்டு சார், இவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பங்கு கொடுங்கள். சட்டைப் பையில் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எப்போதும் இருக்கட்டும். நம் வீடுகளில் இதைச் சொல்ல வெட்கம். "வெளியே தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வருமா?" என்கிற பயம். தெரியாமல் வைத்திருப்பதால்தான் தெரு அவரைக் குடிகாரர் என்றும் பைத்தியம் என்றும் தானாக முடிவு கட்டிக்கொள்கிறது.

அடிபட்டவர் கல்யாணமாகாத பையன் என்றால் வேறொரு பேச்சு கிளம்பும். "ஒரு கல்யாணம் பண்ணி வச்சிட்டா சரியாயிடும்!" சரியாகாது. விவரம் சொல்லாமல் ஒரு பெண்ணை இதில் கொண்டுவந்து தள்ளுவது பாவம். மந்திரிப்பது, தாயத்து கட்டுவது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதற்காக வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மது கூடவே கூடாது. தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடிபட்டுச் சில வாரம் கழித்தும் மூளையின் மேல் ரத்தம் கசிந்து சேரலாம்.

முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தெரியும். அப்புறம் மெதுவாகும், ஆனால் வருஷக்கணக்கில் தொடரும். "ஆறு மாசம் ஆச்சு, இனிமே இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், பழைய ஆளே அப்படியே திரும்பி வருவார் என்று காத்துக்கொண்டும் இருக்காதீர்கள். பல மனைவிமார்களுக்கு இதுதான் பெரிய துக்கம். கணவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவர் இல்லை. அழுவதற்குக்கூட அனுமதி கிடையாது. "அதான் பிழைச்சிட்டாரே!" என்பார்கள்.

அரசாங்கத்திடம் என்ன கேட்கலாம்? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் என்று தனி வகை அதில் இல்லை. ஆனால் காயத்தால் மிஞ்சியது கை கால் குறைபாடா, பேச்சுக் குறைபாடா, மனநலப் பாதிப்பா என்பதைப் பொறுத்துச் சான்று பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசு ஊழியர் என்றால் முக்கியமான ஒன்று: பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பயந்துபோய் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்துவிடாதீர்கள். விபத்து இழப்பீட்டு வழக்கிலும், "நன்றாக நடக்கிறார்" என்பதோடு மருத்துவச் சான்று முடிந்துவிடாமல் பாருங்கள். ஞாபகமும் குணமும் மாறியது எழுத்தில் வர வேண்டும். இயன்முறைப் பயிற்சிக்கு ஆள் வீட்டுக்கே வரும் ஏற்பாடு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்கிற உங்களுக்கு. வாரத்தில் இரண்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே போங்கள். கோயிலோ, அக்கா வீடோ, சும்மா பீச்சோ. அந்த நேரம் அவரோடு இருக்க கொழுந்தனாரையோ எதிர்வீட்டு மாமாவையோ கேளுங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லும்மா" என்று எல்லாரும் சொல்லித்தானே வைத்திருக்கிறார்கள், இதுதான் அந்த உதவி. "வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு வந்து, ஆறரை வரைக்கும் இவரோட கேரம் ஆடுங்க" என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். போன பிறகு, மாத்திரை கொடுத்தாச்சா என்று நடுவில் போன் பண்ணாதீர்கள். அதுதான் நோட்டில் எழுதியிருக்கிறதே!